இயற்பியல் எனக்குப் பிடிக்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: ஐயா, சேலம் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். இயற்பியலில் 84 மதிப்பெண். பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலில் இடம் கிடைத்துவிட்டது. கல்லூரி திறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. கருந்துளை, குவாண்டம் பற்றிய வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கு இயற்பியலில் ஆசை வந்தது. ஆனால் பாடப்புத்தகத்தைத் திறந்தால் அந்த ஆசை காணாமல் போய்விடுகிறது. அப்படியானால் எனக்கு உண்மையிலேயே இயற்பியல் பிடிக்குமா, வீடியோ மட்டும்தான் பிடிக்குமா? பள்ளியில் பொதுத் தேர்வுக்கு முன்பு மட்டும்தான் பிராக்டிகல் நடந்தது. கையில் ஒரு போன் இருக்கிறது, கணினி இல்லை. கல்லூரி திறக்கும் முன்பும் முதல் ஆண்டிலும் நான் என்ன செய்யலாம்? கோட்பாடா, ஆய்வகமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டுமா? "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று அப்பா கேட்கிறார். தாத்தா கொடுத்த எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. தொலைநோக்கி வாங்கலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பலர் இரண்டாம் ஆண்டு முடியும்போது கேட்கும் கேள்வியை நீங்கள் சேரும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். வீடியோ பார்த்து வந்த ஆசை பொய்யில்லை. ஆனால் வீடியோவில் முடிவு மட்டும்தான் கிடைக்கும். பிளஸ் டூ தேர்வுக்குப் படித்தபோது வாய்பாடு மட்டும்தான் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கேள்வியை எடுத்து, அதை எண்ணாக மாற்றி, வந்த எண் சரியா என்று சோதித்து, பிசகினால் எதனால் பிசகியது என்று விடாமல் துரத்துவது. இயற்பியலாளர்களின் பொழுது பெரும்பாலும் இதில்தான் போகிறது. இதை நீங்கள் இன்னும் செய்து பார்க்கவே இல்லை. செய்து பார்க்காமல் பிடிக்குமா பிடிக்காதா என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அதனால் கல்லூரி திறக்கும் முன்பு இரண்டே இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒன்றுக்குத் தாளும் பேனாவும் போதும். இன்னொன்றுக்கு ஒரு நூலும் ஒரு பூட்டும் வேண்டும்.

முதலில் கருந்துளை. உங்கள் பிளஸ் ஒன் புத்தகத்தில் ஈர்ப்பியல் பாடத்தில் விடுபடு வேகம் வருகிறது. பூமியிலிருந்து ஒரு பொருள் திரும்பி விழாமல் தப்பிக்க நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த வாய்பாட்டில் பூமியின் நிறையை அப்படியே வைத்துக்கொண்டு ஆரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போங்கள். பூமியைப் பாதி ஆரத்துக்கு நசுக்கினால் விடுபடு வேகம் எவ்வளவு? நூறில் ஒரு பங்காக்கினால்? அப்படியே போய், விடுபடு வேகம் ஒளியின் வேகத்துக்குச் சமமாக ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை. 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மொத்த பூமியும் ஒரு கோலிக்குண்டு அளவுக்குள்! சூரியனுக்குப் போட்டால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயர் 1783லேயே இதே பாதையில் யோசித்து, ஒளிகூடத் தப்ப முடியாத நட்சத்திரங்கள் இருக்கலாம் என்று எழுதினார். இத்தனைக்கும் நியூட்டனின் இயக்க ஆற்றல் வாய்பாட்டை ஒளிக்குப் போடுவது முறையே இல்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் முறைப்படி கணக்கிட்டாலும் அதே ஆரம் வருகிறது என்பது ஒரு தற்செயல். "தப்பான வழியில் போய் எப்படிச் சரியான விடை வந்தது?" என்று உங்களுக்கு உறுத்தினால் ரொம்ப நல்லது. அந்த உறுத்தலுக்கு முழு விடை கிடைக்க எம்.எஸ்சி. வரை படிக்க வேண்டியிருக்கும். ஆனால் வீடியோவில் பார்த்த கருந்துளைக்கும் நீங்கள் வெறுத்து மூடிவைத்த பாடத்துக்கும் நடுவில் ஒரு பக்கக் கணக்குதான் இருந்தது என்பது இன்றைக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, தனி ஊசல். "இதைப் பத்தாவதுக்குள்ளேயே முடித்துவிட்டோமே" என்று நினைக்காதீர்கள். ரெக்கார்டு நோட்டில் எழுதியதையும் வீட்டில் யாரும் விடை சொல்லாமல் செய்வதையும் ஒன்றாக வைக்க முடியாது. ஒரு கனமான பூட்டை நல்ல நூலில் கட்டுங்கள். மேல் முனையை ஜன்னல் கம்பியில் சுற்றிக் கட்டினால் நூல் ஆடும்போது கம்பியின் மேல் உருண்டு நீளம் மாறும். அதனால் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் நூலை இறுக்கிப் பிடித்து, அந்தச் சட்டங்களைக் கட்டுங்கள். நூலைச் சுமார் ஒரு மீட்டர் விட்டு, கொஞ்சமாக இழுத்து விட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைப் போனில் எடுங்கள். ஏறக்குறைய 40 நொடி வரும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுங்கள். நம் ஊர்ப் பக்கம் அதன் மதிப்பு சுமார் 9.78.

முதல் முறையே 9.78 வந்துவிட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பெரும்பாலும் வராது. 10.8 வந்ததா? பூட்டை விட்ட கணத்தில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். "பூஜ்ஜியம்" என்று தொடங்கியிருக்க வேண்டும். எண்ணியது 20, ஆடியது 19. 9.5 வந்ததா? நூலின் நீளத்தைப் பூட்டின் வளையம் வரை மட்டும் அளந்திருப்பீர்கள், நிறை மையம் அதற்குக் கீழே இருக்கிறது. அல்லது பூட்டை அதிகமாக இழுத்து விட்டிருப்பீர்கள். 30 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடிவிடும். புத்தகத்தில் உள்ள வாய்பாடு சின்னக் கோணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஏன் 20 அலைவு, ஒன்று போதாதா என்றும் யோசியுங்கள். கடிகாரத்தை அழுத்துவதில் உங்கள் கை 0.2 நொடி தவறலாம். ஓர் அலைவில் அது 10 சதவீதப் பிழை, இருபது அலைவில் அரை சதவீதம். கடைசி விடையில் இந்தப் பிழை இரட்டிப்பாகும். அது ஏன் என்பதை நான் சொல்ல மாட்டேன், வாய்பாட்டைப் பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

பூட்டின் நிறை மையம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நூலை 40, 60, 80, 100, 120 சென்டிமீட்டர் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் வளையம் வரை மட்டுமே அளந்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடத் தாளில் குறியுங்கள். நேர்கோடு வரும், ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. கோட்டைப் பின்னால் நீட்டினால் நீள அச்சைப் பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் எங்கோ வெட்டும். 3 சென்டிமீட்டரில் வெட்டினால் நிறை மையம் வளையத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பிசகு கோட்டின் சாய்வைத் தொடவே இல்லை. சாய்விலிருந்து கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் சரியாகவே வரும். எல்லா அளவிலும் ஒரே தவறைச் செய்துகொண்டே சரியான விடையை எடுத்துவிட்டீர்கள், அந்தத் தவறு எவ்வளவு என்பதையும் வரைபடமே சொல்லிவிட்டது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இந்த இடம் அலுக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு விடை. 9.5 வந்தபோது "சரி, கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்று மூடிவைத்தீர்களா? இல்லை, சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் ஏன் 9.5 என்று குடைந்துகொண்டிருந்தீர்களா? இரண்டாவதாக இருந்தால் உங்களுக்கு இயற்பியல் பிடிக்கும், 84 வாங்கினாலும் 64 வாங்கினாலும். முதலாவதாக இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். இன்னொரு கேள்வியை எடுத்துப் பாருங்கள், எல்லாருக்கும் ஊசல் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஊசலில் இல்லாத ஈர்ப்பு ஒலியில் இருக்கலாம், மின்சாரத்தில் இருக்கலாம்.

ஒலிக்கு உங்கள் போனே போதும். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, மைக் எல்லாவற்றையும் அளவுக் கருவியாக்கிவிடும். அதில் கைதட்டினால் ஓடத் தொடங்கி, மறுபடி தட்டினால் நிற்கும் ஒரு கடிகாரம் உண்டு. தோழியின் போனையும் வாங்கி, இரண்டையும் 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நீங்கள் உங்கள் போன் பக்கத்தில் நின்று தட்டுங்கள், பிறகு அவர் அவருடைய போன் பக்கத்தில் நின்று தட்டட்டும். இரண்டு போனும் காட்டும் நேரத்தில் சுமார் 0.03 நொடி வித்தியாசம் இருக்கும். ஒலி போய்வர எடுத்துக்கொண்ட நேரம் அது. 10 மீட்டரை அதனால் வகுத்தால் ஒலியின் வேகம். 343 என்று படித்தது 20 டிகிரி வெப்பநிலைக்கு. நம் ஊர் 30 டிகிரியில் 349க்குப் பக்கத்தில் வர வேண்டும். அந்த 6 மீட்டர் வித்தியாசத்தை உங்களால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தெருச் சத்தம் அடங்கிய விடியற்காலையில் செய்வது நல்லது.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு வையுங்கள். ரெக்கார்டு நோட்டு மாதிரி அழகாக வேண்டாம். அடித்தது, திருத்தியது எல்லாம் அப்படியே இருக்கட்டும், தேதி மட்டும் தவறாமல் போடுங்கள். இந்த நோட்டு பிறகு எதற்கு உதவும் என்று கீழே சொல்கிறேன்.

கணிதம் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். பி.எஸ்சி. முதல் ஆண்டில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இயற்பியலில் தடுமாறுவதில்லை, நுண்கணிதத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிளஸ் டூவில் வகையிடலையும் தொகையிடலையும் விதிகளாகப் படித்திருப்பீர்கள். இந்த விடுமுறையில் தினமும் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் "இந்த வகைக்கெழு இங்கே எதன் மாற்ற வீதம்?" என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவே போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

ஆங்கிலம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகங்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலப் புத்தகத்தை இறக்கி, தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே புரிந்த விஷயம்தான் அங்கே வேறு மொழியில் இருக்கிறது. ஒரு மாதத்தில் கலைச்சொற்கள் பழகிவிடும். யோசிப்பது தமிழில் இருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

நிரல் எழுதுவதும் இப்போதே தொடங்கலாம். நிரலை இணையத்திலேயே எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் போன் பிரவுசரிலேயே திறக்கும், சின்னத் திரையில் கொஞ்சம் சிரமம்தான். பைத்தான் என்ற நிரல் மொழியில் 20 வரி எழுதினால் அதே ஊசலை ஆட்டிப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒரு நொடி வீதம் கோணத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். 60 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் 7 சதவீதம் கூடுவதை வாய்பாடே இல்லாமல் காணலாம்.

அடுத்து கல்லூரி. முதல் செமஸ்டரிலோ இரண்டாவதிலோ நிறமாலைமானியைக் கொடுத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கச் சொல்வார்கள். வகுப்பில் பாதிப் பேர் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து 60 டிகிரி என்று எழுதிவிடுவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இதே சோதனையைச் செய்துகொண்டிருந்த ஒரு மாணவர், முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழும்போது தெரிந்த விளிம்பு விளைவுப் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனித்தார். சோதனைக்கு அது தேவையே இல்லை, கோணத்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அந்தப் பட்டைகளை அளந்து, காரணத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலாசஃபிகல் மேகஸின்' இதழில் வந்தது. அப்போது சி.வி. ராமனுக்கு வயது 18. கல்லூரியில் எல்லாரும் தொட்ட கருவிதான் அது. உங்கள் கல்லூரியிலும் இருக்கும். பிராக்டிகல் வகுப்பில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் கிளம்பாதீர்கள். ஆய்வக உதவியாளரிடம் கேட்டுக்கொண்டு, கேட்காத ஓர் அளவை எடுத்துப் பாருங்கள்.

ஆசிரியர்களைப் பற்றி ஒன்று. நம் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய்ப் பேசத் தயங்குகிறார்கள், கிராமத்துப் பெண்கள் இன்னும் அதிகமாக. தயவுசெய்து அந்தத் தயக்கத்தை முதல் மாதத்திலேயே உடையுங்கள். "சார், இதைச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் பிசகுகிறது" என்று நோட்டோடு போய் நிற்கும் மாணவியை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார். 1928ல் ஜெர்மனியின் பெரிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சந்தித்தார். நீ படித்த அணு இயற்பியல் எல்லாம் பழையதாகிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் விளக்கி, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் படியையே கொடுத்தார். அதைப் படித்து அந்தப் பையன் எழுதிய கட்டுரை அடுத்த வருடம் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. போய்க் கேட்டதால்தான் கிடைத்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லூரிக்கு வெளியே இருக்கும் வாய்ப்புகளைப் பலர் மூன்றாம் ஆண்டில்தான் கேள்விப்படுகிறார்கள், அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பி.எஸ்சி. தொடக்க ஆண்டு மாணவர்களுக்காகவே நியுஸ் (NIUS) என்ற திட்டத்தை 2004லிருந்து நடத்துகிறது. முதலில் ஒரு முகாம், அதில் தேர்வாகிறவர்களுக்கு ஆய்வாளர் ஒருவரின் வழிகாட்டுதலில் சிறு ஆய்வு. முதல் ஆண்டிலேயே அதன் அறிவிப்பைத் தேடத் தொடங்குங்கள். இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் ஜனவரியில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு என்.ஜி.பி.இ. என்ற தேர்வு நடத்துகிறது. பல்கலைக்கழகத் தேர்வு மாதிரி "விவரி, வருவி" என்று கேட்கமாட்டார்கள், யோசிக்க வைப்பார்கள். பரிசு கிடைக்காவிட்டாலும் முதல் ஆண்டிலேயே எழுதிப் பாருங்கள். மூன்று தேசிய அறிவியல் கழகங்களும் சேர்ந்து வழங்கும் கோடைகால ஆய்வு நிதியுதவிக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்பார்கள். கிடைத்தால் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வு நிறுவனத்தில், உதவித்தொகையோடு வேலை செய்யலாம். அதற்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று ஒரு சிறு குறிப்பும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். தேதி போட்ட அந்த நோட்டும், உங்களை அறிந்த ஆசிரியரும் இங்கேதான் கைகொடுப்பார்கள். "எனக்குச் சிறுவயது முதல் இயற்பியலில் ஆர்வம்" என்று எல்லாரும் எழுதுவார்கள். "பூட்டின் நிறை மையத்தை வரைபடத்தில் கண்டுபிடித்தேன்" என்று நீங்கள் எழுதலாம்.

பாடம் கேட்க என்.பி.டி.இ.எல். இருக்கிறது, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழு வகுப்புகள் இலவசம். சென்னை ஐ.ஐ.டி.யின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் வகுப்புகள் அதில் உண்டு. முதல் ஆண்டில் கடினமாக இருக்கும், இரண்டாம் ஆண்டின் முடிவில் திறந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பத்து வகுப்புகளில் பெயர் பதிந்து எதையும் முடிக்காமல் விடுவது இப்போது பரவலான பழக்கமாகிவிட்டது. ஒன்றை எடுத்தால் அதன் கணக்குகளைக் கையால் போட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்தது.

கோட்பாடா ஆய்வகமா என்று இப்போது முடிவு செய்யவே வேண்டாம். கருந்துளைக் கணக்கு அதிகமாகப் பிடித்ததா, பூட்டு அதிகமாகப் பிடித்ததா என்பதை மட்டும் மனதில் குறித்துவையுங்கள். அது இரண்டு மூன்று முறை மாறும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், நல்ல ஆய்வகத்துக்குப் பின்னால் நல்ல கோட்பாட்டு யோசனை இருக்கும். ஊட்டி பக்கம் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 1970ல் கட்டியது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் ஒரு மலைச்சரிவில் கட்டினார்கள் தெரியுமா? ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி, அந்தச் சரிவின் சாய்வும் சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காகச் சரிவோடு படுத்திருப்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே இருந்தால் வானில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். பொருத்தமான மலையைத் தேடிப் பிடித்ததால் பெரிய இயந்திரச் சிக்கல் ஒன்று தீர்ந்துவிட்டது. இது கோட்பாடா, பொறியியலா, ஆய்வகமா?

சரி, அப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். பி.எஸ்சி. மட்டும் முடித்தால் இயற்பியல் சார்ந்த வேலைகள் குறைவு என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்திய வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணி போன்ற சில உண்டு. எம்.எஸ்சி. வரை போனால் வழிகள் விரியும். பி.எட். சேர்த்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணி. கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்கள். மருத்துவ இயற்பியல் என்று ஒரு துறை இருப்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. புற்றுநோய் மருத்துவமனைகளில் நோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு, எந்தக் கோணத்தில் என்று திட்டமிட்டுக் கணக்கிடுவது இயற்பியல் படித்தவர்கள்தான். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க 'ஜாம்' தேர்வு எழுத வேண்டும். நீங்கள் எந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தீர்கள் என்று அந்தத் தேர்வு பார்ப்பதில்லை. ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றி அப்பா போன்றவர்களுக்கு இருக்கும் பெரிய பயம் "இன்னும் எத்தனை வருடம் பணம் கட்டுவது?" என்பது. தேசிய அளவிலான தகுதித் தேர்வில் தேறி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் அவர்களே உதவித்தொகை தருவார்கள், 2023லிருந்து தொடக்கத்திலேயே மாதம் 37,000 ரூபாய். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உங்களுக்கும் உண்டு. சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாகத் தாத்தாவின் எட்டாயிரம். அந்த விலைக்குக் கிடைக்கும் தொலைநோக்கிகளில் தாங்கி ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு வாரத்தில் அலுத்துவிடும். வாங்க வேண்டாம். வானம்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒரு சாதாரண 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) போதும். மொட்டைமாடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும். தினமும் அவற்றின் இடத்தை நோட்டில் குறித்தால் எது எத்தனை நாளில் சுற்றுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கல்லூரித் தேர்வுக்கு நல்ல கால்குலேட்டர் ஒன்று வாங்குங்கள். கணினி இப்போது வேண்டாம், இரண்டாம் ஆண்டில் பழைய லேப்டாப் ஒன்று பார்த்துக்கொள்ளலாம்.

மீதியைப் பயணத்துக்கு வையுங்கள். உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், அங்கிருந்து ஆலங்காயம் வழியாகப் பேருந்து. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் 1 மீட்டர் தொலைநோக்கியையும் விட்டுவிடாதீர்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும் நேரத்தில், அதற்கு முன்பே நட்சத்திர ஒளி ஒரு கணம் மங்கியது அதில் பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது அந்த இரவில்தான். அமெரிக்க ஆய்வு விமானத்தில் இருந்தவர்கள் பார்த்ததைக் காவலூரும் பார்த்தது. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். மழைக்காலத்தில் போனால் மேகம்தான் மிஞ்சும். ஜனவரிக்கு மேல் போங்கள், அதற்குள் வகுப்புத் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்திருப்பார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் அன்றைக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரவு திரும்பி வரப் பேருந்து கிடைப்பது கஷ்டம் என்பதால் வண்டிக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.